ஈரி நகரம்: பனி, லோகோ, மணல்

கரையோரம்: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஈரி நகரைப் பற்றி ஓர் அறிமுகக் குறிப்பு எழுதுகிறேன். இரண்டு இடத்தில் சிக்கல். டிசம்பரில் கொட்டித் தீர்க்கும் பனி பிப்ரவரியில் ஏன் அடங்குகிறது? ரயில் இன்ஜின் கட்டும் ஊர் என்ற பொருளில் ‘லோகோ நகரம்’ என்று எழுதினால் இன்றைக்கும் சரிதானா?

வடகாற்று: ஊருக்கு வடக்கே இருக்கும் ஈரி ஏரி, கோடையில் வாங்கிய சூட்டை டிசம்பர் வரை விடாது. கனடாப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று அதன்மேல் கடக்கையில் சூட்டையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு, தெற்குக் கரையின் மேட்டில் ஏறும்போது பனியாகக் கொட்டும். நீரின் மேற்பரப்புக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரக் காற்றுக்கும் சுமார் 13 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் தேவை. 2017 கிறிஸ்துமஸ் அன்று மட்டும் 34 அங்குலம்! அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது இதுதான், சராசரி 19 மீட்டர். அதனால் சீக்கிரம் உறைகிறது. உறைந்துவிட்டால் மூடி போட்ட பாத்திரம்தான். உறையாத வருஷத்தில் பிப்ரவரியையும் நம்ப முடியாது. கரையில் லேசாகத் தூவும்போதே, ஐ-90 நெடுஞ்சாலை ஓடும் மேட்டில் சக்கரம் புதையலாம்.

தண்டவாளம்: லோகோ சரி, ஆனால் ஆலை இருப்பது நகர எல்லைக்கு வெளியே, கிழக்கே லாரன்ஸ் பார்க்கில். ஆலையை முன்பு நடத்திய ஜெனரல் எலெக்ட்ரிக் மின்சாதனக் கம்பெனியாயிற்றே, அதற்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். டீசல் லோகோவில் இன்ஜின் சக்கரத்தை நேரே சுழற்றாது. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும், அந்த மின்சாரத்தில் அச்சு மோட்டார்கள் ஓடும். 2019 முதல் ஆலை வாப்டெக் என்ற ரயில் சாதனக் கம்பெனி வசம். ஊரின் இன்னொரு ஆலையான ஹேமர்மில் காகித ஆலை 2002-ல் மூடப்பட்டது. மக்கள்தொகை 1960-ல் 1,38,440, 2020-ல் 94,831. இது நகராட்சிக்குள் மட்டும், புறநகரைச் சேர்த்துக் குழப்பிவிடாதீர்கள். பிளாஸ்டிக் வார்ப்பும், 1925-ல் தொடங்கிய ஈரி இன்ஷூரன்ஸும் இருப்பதால் ஒற்றைத் தொழில் ஊர் என்றும் சொல்ல முடியாது.

மணல்திட்டு: பிரெஸ்க் ஐல் தீபகற்பத்தை விட்டுவிட்டீர்களே! ஏரிக்குள் நீண்டு, ஊருக்கு முன்னால் ஒரு விரிகுடாவை அணைத்து நிற்கும் அது இல்லாவிட்டால் துறைமுகமே இல்லை. பிரிட்டனோடு போர் நடந்த 1813-ல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் போர்க்கப்பல்கள் அந்த விரிகுடாவுக்குள் கட்டப்பட்டன. வாயிலில் இருந்த மணல்திட்டு பிரிட்டிஷ் கப்பல்களை உள்ளே விடவில்லை. அதே திட்டு சொந்தக் கப்பல்களையும் வெளியே விடவில்லை. பீரங்கிகளை இறக்கி, இருபுறமும் தண்ணீர் நிரப்பிய மரப்பெட்டிகளைக் கட்டி, பிறகு தண்ணீரை இறைத்து மிதக்கவைத்துத்தான் பெரிய கப்பல்களைத் திட்டு தாண்டச் செய்தார்கள். மணல் இன்றும் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது. கரைக்கு எதிரே கல் அணைகள் போட்டும் அரிப்பு நிற்கவில்லை, மேலே மணல் கொட்ட வேண்டியிருக்கிறது. வரைபடம் போடுவதானால் பழைய கரைக்கோட்டை அப்படியே எடுக்காதீர்கள்.