பாகங்களை மாதம் ஒன்றாக வாங்கலாமா, தீபாவளி வரை காத்திருக்கலாமா?

அம்பத்தூர் புதுசு:
தங்கையின் கல்லூரிப் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். மானிட்டர் வீட்டில் இருக்கிறது, மீதியை 40,000 ரூபாய்க்குள் முடிக்கணும். கையில் மொத்தமாகப் பணம் இல்லை. அதனால் கேபினட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இரண்டும் முதலில் வாங்கிவிட்டேன். இந்த மாதம் பி450 மதர்போர்டு, அடுத்த மாதம் ரைசன் 5 5600ஜி ப்ராசசர், அப்புறம் ராமும் (மெமரி) எஸ்எஸ்டியும் (ஸ்டோரேஜ்) தீபாவளி ஆஃபரில். சரிதானா? சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் "இன்னைக்கே எடுத்துடுங்க சார்" என்கிறார்கள், பக்கத்துக் கடையில் "வெயிட் பண்ணுங்க".

கொளத்தூர் சால்டரிங்:
தம்பி, போர்டை மட்டும் தனியாக வாங்காதீங்க. நான் அந்தத் தப்பைச் செய்தேன். போர்டு வாங்கி நாலு மாதம் கழித்து ப்ராசசரை மாட்டினால் டிஸ்ப்ளே வரவில்லை. கடைக்காரர் மாற்றித் தரும் நாள் தாண்டிவிட்டது என்று கைவிரித்தார். சர்வீஸ் சென்டருக்கு அலைந்ததில் மூன்று வாரம் போனது. பெட்டி பரணில் தூங்கினாலும் வாரண்டி பில் தேதியில் இருந்துதான் ஓடும். போர்டு, ப்ராசசர், ராம் மூன்றும் ஒரே நாளில். இன்னொன்று: பி450 பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸ் (போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யாமல் 5600ஜியை அது அடையாளம் காணாது. அதைக் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்க.

வேளச்சேரி வெள்ளம்:
ராமுக்காக தீபாவளி வரை காத்திருப்பதா? 2025 கடைசியில் இருந்து நடப்பதைப் பார்த்தீர்களா? ஏஐ சர்வர்களுக்கு மெமரி செய்வதில் லாபம் அதிகம் என்று கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. மெமரி தயாரிக்கும் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் தன் க்ரூஷியல் பிராண்டையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ராம் விலை ஏறியதில், பி450-இல் போடும் பழைய வகையான டிடிஆர்4 கூடத் தப்பவில்லை. விழா ஆஃபர் பெரும்பாலும் வங்கி கார்டுத் தள்ளுபடிதான், அதை நம்பி ராமைத் தள்ளிப் போடாதீங்க. பணம் பத்தாவிட்டால் எஸ்எஸ்டியை 500 ஜிபியாகக் குறைத்துக்கொள்ளுங்க. 5600ஜிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் ராமைத்தான் பங்கு போடுகிறது, ஆகவே ஒரே 16 ஜிபியைவிட 8 ஜிபி இரண்டு போட்டால் வேகம் நன்றாகவே தெரியும்.

அம்பத்தூர் புதுசு:
நன்றிண்ணா. அப்போ இரண்டு மாதச் சம்பளத்தில் சேர்த்து ஒன்றாகவே எடுக்கிறேன். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

கொளத்தூர் சால்டரிங்:
18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று ஆசை வரும். பில்லும் அதில் சீரியல் நம்பரும் இல்லாவிட்டால் நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பீங்க?

அம்பத்தூர் புதுசு:
புரிந்தது. வரும்போது கேபினட்டையும் தூக்கிவரணுமா?

கொளத்தூர் சால்டரிங்:
வேண்டாம், எஸ்எம்பிஎஸ் மட்டும் போதும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கடை மேஜையிலேயே மாட்டச் சொல்லி, பயாஸ் திரையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்க. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீங்க, முக்கால்வாசி ஷட்டர் இறங்கியிருக்கும்.