விம்பிள்டன் சுவர்ப் பத்திரிகைக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்கள் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியின் வெற்றியாளர்களைப் பற்றி ஒரு சுவர்ப் பத்திரிகை தயாரிக்கிறார்கள். 1877இல் முதற்பட்டம் வென்ற ஸ்பென்சர் கோர், ஒன்பது முறை ஒற்றையர் பட்டம் வென்ற மார்ட்டினா நவரத்திலோவா, எட்டு முறை வென்ற ரோஜர் பெடரர் ஆகியோரைப் பற்றிய குறிப்புகள் எளிதாகக் கிடைத்துவிட்டன.

ஆனால், பிள்ளைகள் மிகவும் விரும்பிக் கேட்பது ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றித்தான். 1954இல் இளையோர் பட்டத்தை வென்ற அவர், 1960இலும் 1961இலும் அரையிறுதி வரை முன்னேறி, முதலில் நீல் பிரேசரிடமும் அடுத்த ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த ஆண்டின் பட்டத்தை வென்றவர்களும் அவ்விருவரே. ஒரு தமிழர் அவ்வளவு தூரம் சென்றார் என்று சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

என்னிடமுள்ள ஒரேயொரு பத்திரிகை நறுக்கும் மழைக்கால ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, படத்தில் மட்டையும் ஒரு கையும் மட்டுமே தெரிகின்றன. அக்காலத் தமிழ்ப் பத்திரிகைகளைப் பாதுகாத்து வைத்திருப்போர், அப்போட்டிகளைப் பற்றிய பக்கங்களைத் தெளிவாகப் படமெடுத்து இங்கே பகிர்ந்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.