15,000 ரூபாய்க்குள் மைட்டர் சா: கடலோர வீட்டுக்கு எது சரி?

உச்சிப்புளி வாத்தியார்:

வணக்கம். உச்சிப்புளிப் பக்கம் பள்ளியில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் வீட்டில் மரவேலை செய்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கை ரம்பமும் ஒரு டிரில்லும் வைத்து அலமாரி, முக்காலி எல்லாம் செய்துவிட்டேன். இப்போது வீட்டு ஜன்னல் எல்லாவற்றுக்கும் கொசுவலைச் சட்டம் அடிக்க வேண்டும். அதன் பிறகு போட்டோ ஃப்ரேம், பூவரசுப் பலகையில் ஒரு பெஞ்சு. சட்டத்துக்கு நாலு மூலையும் 45 டிகிரியில் சேர வேண்டும். கை ரம்பத்தில் ஒன்று சேர்ந்தால் அடுத்தது வாயைத் திறக்கிறது. அதனால் கோணம் வைத்து மரத்தைக் குறுக்கே அறுக்கும் மின் ரம்பமான மைட்டர் சா வாங்கலாம் என்று இருக்கிறேன்.

பட்ஜெட் 15,000 ரூபாய். என் சந்தேகங்கள் இவை. ஸ்லைடிங் வேண்டுமா, சாதாரணமே போதுமா? பிளேடு 8 அங்குலமா, 10 அங்குலமா? சவூதியில் இருக்கும் மாமா மகன் அங்கிருந்து ஒன்று கொண்டுவருகிறேன் என்கிறான், அது சரிப்படுமா? வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். ஜன்னல் கம்பியே ரெண்டு வருஷம் தாங்காத இடத்தில் இந்த மெஷின் என்ன ஆகும் என்பதும் கவலையாக இருக்கிறது. தொண்டிப் பக்கம் பிரித்த வள்ளத்தின் பலகைகள் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன், அதையும் இதில் அறுக்கலாமா?

கீழக்கரை மரவேலை:

சார், துபாயில் கடை, ஹோட்டல் உள்வேலை செய்யும் கம்பெனியில் தச்சனாக இருந்துவிட்டு ஊருக்கு வந்து பட்டறை போட்டிருக்கிறேன். மைட்டர் சா தினமும் கையில் இருக்கும் சாமான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பட்ஜெட்டுக்கு ஸ்லைடிங் வேண்டாம். இதில் நான் உறுதியாகச் சொல்வேன். ஸ்லைடிங் மெஷினில் மோட்டாரும் பிளேடும் உள்ள தலை முன்னும் பின்னும் ஓடுவது இரண்டு குழாய்களின் மேல். விலை குறைந்த மெஷினில் அந்தக் குழாயிலும் பேரிங்கிலும் ஆட்டம் இருக்கும். ஆட்டம் இருந்தால் 45 டிகிரி என்று வைத்தாலும் 45 வராது. போதாக்குறைக்கு நம்ம ஊர் உப்புக்காற்று முதலில் பிடிப்பதும் அந்தக் குழாயைத்தான். அதே காசுக்கு ஸ்லைடிங் இல்லாத 10 அங்குல மெஷின் கெட்டியாகக் கிடைக்கும். நேராக வைத்தால் ஏறக்குறைய 130 மில்லிமீட்டர் அகலம் அறுக்கும், 45 டிகிரியில் 90 மில்லிமீட்டர். கொசுவலைச் சட்டத்துக்கும் ஃப்ரேமுக்கும் இது தாராளம். பெஞ்சுக்கு அகலப் பலகை வந்தால் ஒரு பக்கம் அறுத்துத் திருப்பிப் போட்டு மறுபக்கம் அறுக்கலாம். 8 அங்குலத்தில் சட்டம் அடித்துவிடலாம், ஆனால் பெஞ்சுக் காலுக்குப் பத்தாது.

ஒன்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இது குறுக்கே அறுக்கிற மெஷின். பலகையை நீளவாட்டில் கிழிக்க ஆகாது, அதற்கு முயற்சியே செய்யாதீர்கள்.

கடையில் மெஷினை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், பிராண்டை விட இதுதான் முக்கியம். போகும்போது உங்கள் மூலைமட்டத்தையும், இரண்டு பக்கமும் ஒரே சீராக இழைத்த நாலு அங்குலப் பட்டை ஒன்றையும் எடுத்துப் போங்கள். பிளக்கைச் சொருகாமல், தலையைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இடதும் வலதுமாக ஆட்டிப் பாருங்கள். கையில் லொடலொடவென்று தெரிந்தால் அந்த மெஷின் வேண்டாம். அப்புறம் பட்டையை நேராக ஒரு தடவை அறுக்கச் சொல்லுங்கள். இரண்டு துண்டில் ஒன்றை மட்டும் தலைகீழாகப் புரட்டி, வெட்டு முகங்களை ஒன்றோடு ஒன்று முட்டவைத்து, மரத்தைச் சாய்த்துவைக்கும் பின்பக்கச் சுவரோடு சேர்த்துப் பாருங்கள். மெஷினில் உள்ள கோணல் அங்கே இரண்டு மடங்காகத் தெரியும். சின்னக் கோணல் என்றால் பயப்பட வேண்டாம், பின்சுவரின் போல்ட்டைத் தளர்த்தி நீங்களே சரிசெய்யலாம். பின்சுவரே வளைந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் கடைசி மூலையில் நாலு டிகிரி வாய் பிளந்து நிற்கும். உங்கள் கை ரம்பத்தில் நடப்பது இதுதான். இன்னொன்று, கோணம் சரியாக இருந்தும் எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளம் இல்லையென்றால் மூலை சேராது. மெஷின் பக்கத்தில் ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, ஜோடிச் சட்டத்தை அதில் முட்டவைத்தே அறுங்கள். டேப் வைத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டாம்.

பிளேடுக்குத் தனியாக ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ஒதுக்கிவிடுங்கள். நம்ம பக்கம் இந்த மெஷினை அதிகமாக வாங்குவது அலுமினிய ஜன்னல் வேலைக்காரர்கள். அதனால் பல மெஷினோடு அலுமினியம் அறுக்கும் பிளேடு வரும், நூறு பல்லுக்கு மேல் இருக்கும். மரத்தில் அது மெதுவாகப் போகும், ஓரம் கருகும். உங்கள் வேலைக்கு 60 பல் கார்பைடு பிளேடு நல்லது. வாங்கும் முன் நடு ஓட்டையின் அளவைப் பாருங்கள். 25.4 மில்லிமீட்டரும் உண்டு, 30 மில்லிமீட்டரும் உண்டு. பிளேடில் எழுதியிருக்கும் வேகம் மெஷினின் வேகத்தை விட அதிகமாக இருக்க வேண்டும்.

சவூதி மெஷின் பற்றி. 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் பயமில்லை, கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் கரன்ட் கடத்தும், தேய்ந்தால் மாற்றும் துண்டு) வைத்த மோட்டார் 50 ஹெர்ட்ஸிலும் ஓடும். வோல்ட்டைத்தான் பார்க்க வேண்டும். அங்கே 110, 127 வோல்ட் சாமானும் புழங்கியிருக்கிறது. அதை நம்ம 230 வோல்ட்டில் சொருகினால் அங்கேயே கருகிவிடும். தகட்டில் 220 முதல் 240 என்று இருந்தால் ஓடும். ஆனாலும் நான் இங்கேயே வாங்கச் சொல்வேன், மதுரையில் சர்வீஸ் உள்ள பிராண்டாகப் பார்த்து. வாங்கும்போதே ஒரு ஜோடி கார்பன் பிரஷ் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

உப்புக்காற்றுக்கு வருகிறேன். மெஷினின் அடிப்பாகம் அலுமினியம், அதில் வெள்ளையாகப் பூக்கும். ஸ்பிரிங், போல்ட், பிளேடைப் பிடிக்கும் வாஷர் எல்லாம் இரும்பு, அவை துருவேறும். ஆனால் இரண்டையும் விட மோசமானது மரத்தூள். தூள் ஈரத்தையும் உப்பையும் இழுத்துவைத்துக்கொண்டு சுழலும் தட்டுக்கு அடியில் களி மாதிரி இறுகிவிடும், அப்புறம் தட்டு திரும்பாது. அதனால் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிட்டு பிரஷ்ஷால் தூளைத் தட்டி எடுங்கள், தட்டின் அடிப்பக்கமும் சேர்த்து. மேல் தட்டிலும் பின்சுவரிலும் எண்ணெய் தடவாதீர்கள், மரத்தில் கறை ஏறும், தூளும் ஒட்டும். கட்டி மெழுகு தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். ரொம்ப நாள் வேலை இல்லை என்றால் பிளேடைக் கழற்றி லேசாக மெஷின் ஆயில் பூசி, துணியில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள். கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கும் மாதங்களில் கொட்டகையில் வைக்கவே வேண்டாம், மணலும் சேர்ந்து வரும்.

தொண்டி ஓடாவி வீடு:

வள்ளத்துப் பலகை பற்றி மட்டும் நான் சொல்கிறேன் தம்பி. எங்கள் வீட்டில் தலைமுறையாக வள்ளம் கட்டுகிறோம். பழைய பலகையில் தலை ஒடிந்த ஆணி உள்ளுக்குள் இருக்கும். மேலே பார்த்தால் தெரியாது, தார் மூடியிருக்கும். காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். செம்பு ஆணி அடித்த பலகையில் காந்தம் ஒட்டாது. தாரைச் சுரண்டிவிட்டு, பச்சைக் கறையோ கருப்பு வட்டமோ தெரிகிற இடத்தை விட்டுத்தான் அறுக்க வேண்டும். கார்பைடுப் பல் ஆணியில் பட்டால் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து.

இன்னொரு விஷயம், வள்ளத்துப் பலகை வளைந்திருக்கும். பலகையின் புடைத்த பக்கம்தான் பின்சுவரில் படிய வேண்டும், அறுக்கும் இடத்தில் இடைவெளியே இருக்கக் கூடாது. குழிந்த பக்கத்தை வைத்து அறுத்தால் பாதியில் பலகை பிளேடைக் கவ்வித் தூக்கி அடிக்கும். உருட்டுக் கட்டை, சீமைக்கருவேல் கொம்பு இதெல்லாம் அந்த மெஷின் பக்கமே கொண்டுபோக வேண்டாம், உருண்டு கையை இழுத்துவிடும்.

நல்ல மரம் மலிவாக வேண்டுமென்றால் மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், மராமத்து வேலை மும்முரமாக நடக்கும். புது மரத்தின் வெட்டுத் துண்டுகள் அப்போது நிறைய விழும். ஆணி பயம் இல்லை.

உச்சிப்புளி வாத்தியார்:

கீழக்கரை காக்கா, தொண்டி அண்ணே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நான் ஸ்லைடிங் பக்கம் கிட்டத்தட்ட சாய்ந்துவிட்டிருந்தேன், இப்போது மனது மாறிவிட்டது. ஒரு கேள்வி பாக்கி. சாயங்காலம் எங்கள் தெருவில் மின்சாரம் மங்கலாகத்தான் வரும். 1,650 வாட் மெஷின் வீட்டு லைனில் ஓடுமா?

மண்டபம் வயரிங்:

ஓடும் சார். 1,650 வாட் என்றால் 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் சுமார். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் சொருகக் கூடாது. ஏசிக்கும் கிரைண்டருக்கும் போடுவது மாதிரி 16 ஆம்பியர் பவர் பிளக் தனி லைனில் வேண்டும், எர்த் நன்றாக இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ஒரு நொடி பல மடங்கு கரன்ட் இழுக்கும், லைட் மினுக்கும், அது இயல்பு. எக்ஸ்டென்ஷன் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயர் போடுங்கள். சுருளாக வைக்காமல் முழுதாக விரித்துவிடுங்கள், சுருளில் சூடேறும். வோல்ட் குறைவாக வரும் நேரத்தில் பிளேடு முழு வேகம் எடுக்காது. அப்போது அழுத்தி அறுத்தால் மோட்டார் திணறிச் சூடாகும். பகலில் வேலை வைத்துக்கொள்வது நல்லது. இன்வெர்ட்டரில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கீழக்கரை மரவேலை:

வயரிங்காரர் சொன்னதே சரி. நான் எழுத விட்டது ஒன்று. கைலி கட்டிக்கொண்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு அறுக்காதீர்கள் சார். கையுறையும் வேண்டாம், பிளேடு அதைப் பிடித்தால் விரலோடு போகும். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். பிளேடிலிருந்து கை ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். அதற்குள் வருகிற சின்னத் துண்டு என்றால் கிளாம்ப் போட்டு அறுங்கள். அறுத்து முடிந்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகு தலையைத் தூக்குங்கள். பிளேடு சுற்றும்போது தூக்கினால் துண்டு பறக்கும்.

மெஷின் வாங்கியதும் முதலில் விலை குறைந்த ரீப்பர் கட்டையில் ஒரு சட்டம் அடித்துப் பாருங்கள். மூலை சேரவில்லை என்றால் எந்த இடத்தில், எவ்வளவு திறக்கிறது என்று படம் எடுத்துப் போடுங்கள். உள்பக்கம் திறந்தால் ஒரு காரணம், வெளிப்பக்கம் திறந்தால் வேறு காரணம். பார்த்து எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்கிறேன்.