சதகுப்பைக் கீரை நெட்டுக்கு ஏறிடுச்சு, இலையே இல்ல, உடனே சொல்லுங்க

காட்பாடி மாடி:
வணக்கம். மாடியில சதகுப்பை போட்டிருக்கேன். பச்சைப்பசேல்னு நல்லா வந்துக்கினு இருந்துச்சு. இப்ப கொஞ்ச நாளா தண்டு மட்டும் மேல மேல ஏறுது, இலை அங்கங்க ஒண்ணு ஒல்லியா நிக்குது. உச்சியில மஞ்சளா குடை மாதிரி விரியுது. மருமக பெங்களூர் பக்கத்துப் பொண்ணு. அக்கி ரொட்டிக்கு இந்தக் கீரைதான் வேணும்னு ஆசையா கேட்டா. ஞாயித்துக்கிழமை வராங்க. என்ன உரம் போட்டா திரும்ப இலை வரும்?

பாகாயம்:
எப்ப விதைச்சீங்க? தொட்டியா, பையா? எவ்வளவு நேரம் வெயில் படுது? போட்டோ ஒண்ணு போடுங்கம்மா.

ஆரணி விதைப்பெட்டி:
விதை எங்க வாங்கினீங்க? நாட்டு மருந்துக் கடையா, விதைக் கடையா? நேரா விதைச்சீங்களா, நாத்து விட்டுப் பிடுங்கி நட்டீங்களா? இது தெரியாம உரம் சொல்ல முடியாது.

வாலாஜா வடிகால்:
முதல்ல தண்ணியைப் பாருங்க. போர் தண்ணிதானே ஊத்துறீங்க? பாலாத்தங்கரையில நிறைய இடத்துல போர் தண்ணி உப்பு. தொட்டி விளிம்புல வெள்ளையா படிஞ்சிருக்கா? உப்பு ஏறின செடி இலை விடாது, அவசரமா பூக்கும். எங்க வீட்ல கொத்தமல்லி இப்படித்தான் போச்சு. விரிஞ்சிபுரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, தண்ணியை எடுத்துக்கினு போய்க் கேளுங்க.

மண்புழு:
இதே கேள்வி கொத்தமல்லிக்கு, வெந்தயத்துக்கு, முள்ளங்கிக்குன்னு இங்க எத்தனை தடவை வந்துடுச்சு. தேடிப் பார்த்துட்டு கேட்கலாமே. செடி பூக்குது, அவ்வளவுதான். பூக்கிற செடிக்கு இலை வர உரம் கேக்கிறது அடிப்படையே தெரியாத கேள்வி. மாதம், மண், தண்ணி, இடம் நாலும் எழுதாம யாரும் கேக்காதீங்கன்னு எத்தனை முறை சொல்றது.

பாகாயம்:
அவங்க புதுசு சார். கேட்டாத்தானே தெரியும்.

குடியாத்தம் பெரியவர்:
ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? பட்டம் தப்பினா பயிர் தப்பும். ஆடியில போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

ஆரணி விதைப்பெட்டி:
ஐயா, ஆடிப்பட்டம் மானாவாரிக்குச் சொன்னது. நம்ம பக்கம் ஆடி, ஆவணியிலயும் நல்ல மழை உண்டு, அதை நம்பித்தான் நிலக்கடலை, சோளம் போடுறோம். மாடித்தொட்டிக்கு நாம செம்புல தண்ணி ஊத்துறோம், மழைக்கணக்கு அங்க ஒத்து வராது. சதகுப்பைக்கு வேண்டியது குளிர். ஆடியில வேலூர் வெயில் என்ன குறைஞ்சா போகுது?

குடியாத்தம் பெரியவர்:
நாலு தலைமுறையா வெள்ளாமை பண்ற குடும்பம்மா எங்களது. கீரையும் ஆடியில போட்டுத்தான் தின்னோம்.

ஆரணி விதைப்பெட்டி:
தண்டுக்கீரை, அரைக்கீரை வெயிலைத் தாங்கும், போடலாம். இது கொத்தமல்லி, சோம்பு ஜாதி. பனிக்காலத்துப் பயிர். ஐயா அனுபவத்தை நான் குறைச்சுச் சொல்லல, பயிர் வேற.

காட்பாடி மாடி:
தை கடைசியில போட்டேன். விதை நாட்டு மருந்துக் கடையில வாங்கினது. தட்டுல நாத்து விட்டு, ஒரு விரல் நீளம் வந்ததும் பிடுங்கி நட்டேன். சின்ன தொட்டி. காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் வெயில். தண்ணி போர் இல்ல, கார்ப்பரேஷன் தண்ணி. போட்டோ பையன் வந்தாதான் போட முடியும்.

வாலாஜா வடிகால்:
கார்ப்பரேஷன் தண்ணின்னாலும் தொட்டி ஓரத்தைப் பார்த்துடுங்க.

சோம்புச்செடி:
பக்கத்துல சோம்பு வெச்சிருக்கீங்களா? ரெண்டும் கலந்துடும், அதனாலதான் கீரை கெட்டுப்போகுதுன்னு எங்க அத்தை சொல்வாங்க. முதல்ல அது சதகுப்பைதானான்னே சந்தேகமா இருக்கு, சோம்பும் இப்படித்தான் மஞ்சளா பூக்கும்.

ஆரணி விதைப்பெட்டி:
ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறது சுலபம். இலையைக் கசக்கி மோந்து பாருங்க. சோம்புன்னா இனிப்பு வாசனை தூக்கலா வரும், சதகுப்பை காரமா கொஞ்சம் கசப்போட இருக்கும். சோம்புச் செடியில இலைக்காம்பு தண்டோட சேர்ற இடம் உறை போட்டாப்புல பருத்து நிக்கும், சதகுப்பையில அவ்வளவு பருமன் இல்ல. விதை இன்னும் தெளிவு: சோம்பு உருண்டு நீண்டு வரிவரியா இருக்கும், சதகுப்பை தட்டையா, ஓரத்துல மெல்லிசா வெளுத்த விளிம்போட இருக்கும். மருந்துக்கடைப் பொட்டலத்துல மிச்சம் இருந்தா உள்ளங்கையில கொட்டிப் பாருங்க.

பக்கத்துல சோம்பு இருந்தாலும் இந்தச் செடியோட இலை கெடாது. மகரந்தம் கலந்தா அடுத்த விதையிலதான் தெரியும். ரெண்டும் தாவரவியல்படி வேற வேற பேரினம், அதனால அந்தக் கலப்புக்கே பெரிசா பயப்பட வேண்டியதில்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். தை கடைசியில போட்டா கீரை பருவத்துக்கு வர்றப்ப பங்குனி. வேலூர்ல மார்ச்சுலயே 35 டிகிரியைத் தாண்டிடும், மாடித் தளத்தோட சூடு வேற அடியில இருந்து ஏறும். அந்தச் சூட்டுல சதகுப்பை கீரையா நிக்காது, பூத்து விதை விட்டு முடிச்சுக்கணும்னு ஓடும். ரெண்டாவது, இதுக்கு ஆணிவேர். பிடுங்கி நட்டா அந்த வேர் அடிபடும், சின்ன தொட்டியில முட்டிக்கும். அந்த அதிர்ச்சியிலயும் சீக்கிரம் பூக்கும். மண்ணுல சத்து குறைஞ்சு இது வரல, அதனால உரம் போட்டுத் திருப்ப முடியாது. பூங்கொத்தைக் கிள்ளினா கொஞ்ச நாள் தள்ளிப்போகும், பழைய அடர்த்தி வராது.

ஞாயித்துக்கிழமைக்கு நுனியில இருக்கிற இளசு இலையை விடிகாலையில கிள்ளி, ஈரத்துணியில சுத்தி வைங்க. ரொட்டிக்குக் கொஞ்சமாவது தேறும்.

ஓசூர் ரோடு:
எங்க பக்கம் சந்தையில இதைச் சப்பசிகே சொப்புன்னு கட்டுக்கட்டா விக்கிறாங்க. அவங்க ஒவ்வொரு இலையா கிள்ளுறதில்ல. நெருக்கமா தூவி, ஒரு சாண், ஒன்றரைச் சாண் வளர்ந்ததும் வேரோட பிடுங்கிக் கட்டிடுவாங்க. தண்டு முத்த விடுறதே இல்ல. வீட்ல தொடர்ச்சியா வேணும்னா வெளி இலையை மட்டும் கத்தரிங்க, செடியில மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. நடுக்குருத்தைத் தொடக் கூடாது.

மண்புழு:
இதைத்தான் நான் முதல்லயே சொன்னேன், பூக்குதுன்னு. கொத்தமல்லி இழையிலயும் இதே பதில்தான்.

ஆரணி விதைப்பெட்டி:
நீங்க சொன்னது சரிதான் சார். ஆனா பூத்த செடியை என்ன பண்றதுன்னுதான் அவங்க கேட்டாங்க.

அம்மா, ரெண்டு செடியை அப்படியே விதைக்கு விடுங்க. தேனீ, சின்ன ஈ, பொறிவண்டு எல்லாம் அந்தப் பூவுக்கு வரும், பக்கத்துல கத்தரி, மிளகாய் இருந்தா அதுக்கும் நல்லது. பூங்கொத்தோட அடியில அசுவினின்னு சாறு உறிஞ்சற பச்சைப் பூச்சி அடையும், தண்ணியை வேகமா பீச்சினாலே பாதி விழுந்துடும். பூச்சி மருந்து வேணாம், தேனீ வர்ற நேரம்.

விதை பச்சையில இருந்து பழுப்புக்கு மாறுறப்ப ஜாக்கிரதை. எல்லாம் காயட்டும்னு காத்திருந்தா காத்துல கொட்டிடும். நடுக்கொத்து முதல்ல பழுக்கும். அது பழுத்ததும் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பனி ஈரம் இருக்கிறப்பவே காம்போட அறுத்து, தலைகீழா ஒரு துணிப்பைக்குள்ள விட்டு வாயைக் கட்டி, நிழல்ல தொங்க விடுங்க. காய்ஞ்சதும் பையை உதறினா விதை அடியில சேர்ந்துடும். பிளாஸ்டிக் கவர் வேணாம், பூஞ்சை பிடிக்கும்.

அடுத்த தடவை ஐப்பசியில மழை வலுத்து அடிக்கிறப்ப போடாதீங்க, சின்ன விதை, அடிச்சுக்கினு போயிடும். மழை தணிஞ்சதும் கார்த்திகையில ஆரம்பிச்சு, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தொட்டின்னு மார்கழி வரைக்கும் மாத்தி மாத்தித் தூவுங்க. ஒரு அடி ஆழமாவது இருக்கிற தொட்டி. மேல அரை சென்டிமீட்டர் மண் போதும், நேரா விதைங்க, பிடுங்கி நடாதீங்க. முளைக்க ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள கிளறிப் பார்க்க வேணாம்.

குடியாத்தம் பெரியவர்:
கார்த்திகைன்னா சரி. ஆனா ஆடியை விட்டுக் கொடுக்க மாட்டேன். இந்த ஆடியில நானே ஒரு பாத்தி போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்.

பாகாயம்:
போட்டுப் பாருங்கய்யா, நாங்களும் தெரிஞ்சுக்கறோம். பசுமை நிழல்வலை கட்டினா ஆடியில கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம், பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீத வலை கிடைக்குது.

வாலாஜா வடிகால்:
வெள்ளைப் படிவு இருந்துச்சான்னு அவங்க இன்னும் சொல்லவே இல்ல.

காட்பாடி மாடி:
படிவு இல்லீங்க. விதை தட்டையாத்தான் இருக்கு, சதகுப்பைதான். கிள்ளின இலை நாலு ரொட்டிக்கு வந்துச்சு, மருமக பச்சை மிளகாயும் தேங்காயும் சேர்த்துத் தட்டினா. ரெண்டு செடியை விதைக்கு விட்டுட்டேன். ஆரணிக்காரங்களுக்கு ரொம்ப நன்றிம்மா.

சோம்புச்செடி:
விதை வந்ததும் கொஞ்சம் எனக்கும் தருவீங்களா அக்கா? நான் சத்துவாச்சாரிதான்.