கமிட்டியில் புதுசு, கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான சின்ன பகல் பராமரிப்பு மையம் ஒன்றின் நிர்வாகக் கமிட்டியில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். சம்பளமில்லாத வேலை. வங்கியில் இருந்தவன் என்பதால் கணக்கு வழக்கு பயமில்லை. மற்றதெல்லாம்தான் புதுசு.

போன வாரம் ஒரு அம்மா, பிளாஸ்டிக் கவரில் நாலாக மடித்த தாளை நீட்டி, "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்றார். முழுக்க மலையாளம். அவருக்குத் தமிழ்தான் படிக்க வரும். மகனுக்கு 19 வயது, அறிவுசார் குறைபாடு. தாளில் இருந்த விஷயம் இதுதான்: பிள்ளைக்கு 18 தாண்டிவிட்டால் பெற்ற தாயே ஆனாலும் தானாகச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிட முடியாதாம். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கே அன்றுதான் தெரியும், வெட்கமாகிவிட்டது.

பாலக்காட்டில் இதற்கு விண்ணப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னென்ன தாள் கேட்டார்கள், எத்தனை நாள் ஆனது? தமிழில் விளக்கக் குறிப்பு இருந்தால் அனுப்புங்கள், பிரதி எடுத்து எல்லாப் பெற்றோருக்கும் கொடுத்துவிடுவேன்.

அப்புறம், இப்படிக் கமிட்டியில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: முதல் கூட்டத்தில் எதையெல்லாம் கேட்க வேண்டும்? டீயும் வடையும் சாப்பிட்டுத் தலையாட்டிவிட்டு வர மனசில்லை.