உரையாசிரியர், தொகுப்பாசிரியர்: பட்டியலில் எந்தப் பொறுப்பு?

வணக்கம். நூலகப் பட்டியலாக்கத்தில் கைதேர்ந்தவர்கள் சற்று வழிகாட்டுங்கள்.

மார்க் 21 (நூல் விவரங்களைக் கணினியில் பதியும் வடிவம்) பதிவில் மொழிபெயர்ப்பு நூல் என்றால் சிக்கலே இல்லை: மூல ஆசிரியர் முதன்மைப் பெயருக்கான 100ஆம் புலத்தில், மொழிபெயர்த்தவர் கூடுதல் பெயர்களுக்கான 700இல். என்னைத் திணறடிப்பவை உரைநூல்களும் தொகுப்புகளும்தான்.

இப்போது மேசையில் இருக்கும் செய்யுள் நூலின் தலைப்புப் பக்கத்தில் உரையாசிரியர் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இயற்றியவர் பெயர் கீழே ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. தலைப்புப் பக்கம் உரையை முன்னிறுத்தினால் உரையாசிரியருக்கே முதன்மைப் பதிவு (அதாவது 100ஆம் புலம்) என்றது ஏஏசிஆர்2 என்ற பழைய பட்டியலாக்க விதிநூல். ஆனால் மூலச் செய்யுள் ஒரு வரி விடாமல் உள்ளே இருக்கிறதே! எழுத்தின் பருமனை வைத்தா முடிவுசெய்வது? (பக்கத்தை வடிவமைப்பவர் மனம்வைத்தால் யாரும் ஆசிரியராகிவிடலாம் போலிருக்கிறது.)

இன்னொன்று. பிறர் கட்டுரைகளைத் திரட்டியவரை நூல் 'தொகுப்பாசிரியர்' என்கிறது. ஏஏசிஆர்2-க்குப் பின் வந்த ஆர்டிஏ விதிமுறைப்படி அவர் பதிப்பாசிரியர் வகையில்தான் வருவார், நூலடைவு போன்றவற்றை உருவாக்குபவரே தொகுப்பாளர் என்பது என் புரிதல். நீங்கள் எப்படிக் குறிக்கிறீர்கள்? அணிந்துரை எழுதியவருக்கும் தனியாக ஒரு 700 தருகிறீர்களா? உரைநூல் ஒன்றின் மாதிரிப் பதிவைக் காட்டினால் பேருதவியாக இருக்கும்.