கணுக்கால் கறுத்து அரிக்குது: தோல் வியாதியா, நரம்பு சுருட்டா?

கல்லடுப்பு:
வயசு 44. விருதுநகர் பக்கம் பரோட்டா மாஸ்டர். சாயந்திரம் 4 மணிக்குக் கல்லு முன்னால நின்னா, நகர ராத்திரி 12 ஆயிரும். 22 வருசமா இதே பொழப்பு. இடது கெண்டைக்கால்ல நரம்பு மண்புழு மாதிரி சுருண்டு கிடக்கு. அது கிடக்கட்டும், கடை அடைக்கிற நேரம் கால் கனக்கும், படுத்தா சரியாயிரும். கணுக்காலுக்கு உள்பக்கம்தான் தொந்தரவு. உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, தோல் தடிச்சு, அரிச்சே கொல்லுது. படர்தாமரைன்னு நெனச்சு 6 மாசத்துல 3 ட்யூப் களிம்பு தேய்ச்சாச்சு, அசையல. நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டா சுருட்டு விலகும்ங்கறா வீட்ல. உருவலாமா?

வார்டு அக்கா:
உருவ வேண்டாம் தம்பி. அந்தக் களிம்பையும் நிறுத்துங்க. நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ நான், இதே கறுப்போட வந்த கால் நிறையப் பார்த்தாச்சு. மொதல்ல அது நரம்பே இல்ல, ரத்தக்குழாய். நாமதான் புடைச்சதையெல்லாம் நரம்புங்கறோம். மேல ஏறுற ரத்தம் திரும்ப இறங்காம இருக்க, குழாய்க்குள்ள குட்டி குட்டியா வால்வு உண்டு. நடக்கும்போது கெண்டைச் சதை அமுக்கி ரத்தத்தை ஏத்தும். நீங்க நடக்கறதில்ல, நிக்கறீங்க. கல்லுச் சூட்டுல குழாய் வேற விரியும். வால்வு சரியா மூடலேன்னா ரத்தம் கணுக்கால்லயே தேங்கி, சிவப்பணு தோலுக்குள்ள கசியும். அதுல உள்ள இரும்புதான் அந்தக் கறுப்பு, துருக்கறை மாதிரி. சொறிஞ்சு புண்ணாச்சுன்னா மாசக்கணக்குல ஆறாது.

ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்டுற டாப்ளர் ஸ்கேன் எடுங்க. நிக்கவெச்சுப் பார்க்கச் சொல்லுங்க, படுத்தா ரத்தம் திரும்ப இறங்கறது சரியாத் தெரியாது. பீடி, சுகர் இருந்தா பாதத்துல நாடி பார்க்காம ரத்தம் தேங்காம இருக்கப் போடுற இறுக்க சாக்ஸ் மாட்டக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, வலிச்சு, சூடா இருந்தா உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம். அதோட மூச்சும் வாங்குச்சுன்னா ஒரு நிமிசம் தாமதிக்காம ஆஸ்பத்திரி.

புடவை செக்‌ஷன்:
அண்ணே, நான் ஜவுளிக்கடை. வேலை செய்றவங்க உட்கார இடம் குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு. எங்க கடைக்கும் ஸ்டூல் வந்துச்சு, அதுமேல புடவைக் கட்டுதான் உட்கார்ந்திருக்கு. போன வருசம் குளிக்கும்போது புடைப்பு உடைஞ்சு ரத்தம் பீச்சிருச்சு. முழங்காலுக்குக் கீழ துண்டால இறுக்கிக் கட்டினேன், இன்னும் கூடுச்சு. பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து படுக்கவெச்சு, காலைத் தூக்கிச் சுவத்துல சாய்ச்சு, உடைஞ்ச இடத்தையே துணியால அழுத்திப் பிடிச்சாங்க. நின்னுச்சு.

அப்புறம்தான் லேசர் பண்ணினேன். மரத்துப்போக ஊசி மட்டும்தான். துளை வழியா வயர் விட்டு, கெட்ட குழாயைச் சூட்டுலயே மூடிட்டாங்க. அன்னைக்கே நடக்கச் சொல்லிட்டாங்க. ‘அப்ப ரத்தம் எப்படிப் போகும்?’னு கேட்டேன், ஆழத்துல உள்ள பெரிய குழாய் பார்த்துக்குமாம்.

வைகைக்கரை:
எங்க ஊர்ல அட்டை விடுவாங்க. காசும் கம்மி.

வார்டு அக்கா:
தேங்கின ரத்தத்தை அட்டை குடிக்கும். வால்வை அட்டை தைக்காது.

கல்லடுப்பு:
ஸ்கேன் பார்த்தாச்சு. தொடை இடுக்குலயே வால்வு போயிருச்சாம், ஆழத்துக் குழாய் சுத்தமா இருக்காம். லேசருக்கு நாள் குறிச்சிருக்காங்க. நாடி பார்த்துட்டு அதுவரைக்கும் சாக்ஸ் போடச் சொல்லியிருக்காங்க. காலையில கட்டிலை விட்டு இறங்கும் முன்ன நானும் பொண்டாட்டியும் சேர்ந்து இழுக்கறோம், மாவு வீசறது இதுக்குத் தேவலை. உருண்டை பிடிக்கிறதை உட்கார்ந்தே பண்றேன், முதலாளி ஒண்ணும் சொல்லல. ஒரு ஜோடியைத் துவைச்சுத் துவைச்சுப் போடலாமா அக்கா?

வார்டு அக்கா:
ரெண்டு வாங்குங்க. நிழல்ல காயப்போடுங்க, வெயில்பட்டா இழுவை போயிரும். மாட்டும்போது பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறை போட்டு இழுங்க, வழுக்காது.